செம்பனை எடைச்சீட்டு: பவர் ஆப்ஸிலிருந்து அஷூர் செயலிக்குப் போகும்போது ஒன்று இரண்டாகிறது, தேதியும் மாறுகிறது

ராம்ப்_பேத்தி (சுங்கை சிப்புட்)
திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் சொல்லாமல் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

சுங்கை சிப்புட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தாத்தா ஆரம்பித்த செம்பனை (எண்ணெய்ப்பனை) ராம்ப், அதாவது பழம் வாங்கிச் சேர்க்கும் இடம், எங்களுடையது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலுக்கு அப்புறம் ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் என்று வாங்கி வைத்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் பழம் போடுகிறார்கள். நாங்கள் எடை போட்டு, காய், அழுகல், நீளக் காம்பு பார்த்துக் கழித்து, லோரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறோம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்போம். தள்ளிப்போனால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் எடை போடும் நேரத்தில் யாருக்கும் நின்று யோசிக்க அவகாசம் கிடையாது.

முன்பு கார்பன் தாள் சீட்டு மட்டும். இப்போது அதோடு, எடைமேடைக்குப் பக்கத்தில் தம்பி கைப்பேசியில் பவர் ஆப்ஸ் (மைக்ரோசாஃப்டின் செயலி கட்டும் கருவி) வைத்திருக்கிறான். அதில் பதியும் சீட்டு டேட்டாவெர்ஸ் என்ற தரவுக் கிடங்கில் சேரும். அங்கே புது வரி விழுந்தாலும், இருந்தது திருத்தப்பட்டாலும், பவர் ஆட்டோமேட் என்ற தானியங்கிக் கருவி அதை எங்கள் வலைச்செயலிக்கு அனுப்பும். வலைச்செயலியை மாமா மகன் பைத்தான் மொழியில், ஃபாஸ்ட்ஏபிஐ என்ற சட்டகம் கொண்டு எழுதினார். அது மைக்ரோசாஃப்டின் மேகமான அஷூரில், ஆப் சர்வீஸ் என்ற சேவையில் ஓடுகிறது, தரவுத்தளம் அஷூர் எஸ்கியூஎல். பழம் போடுகிறவர்கள் அதில் நுழைந்து தங்கள் கணக்கைப் பார்ப்பார்கள். தினவிலையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு 44 வெள்ளி (ரிங்கிட்), பிழிதிறன் (பழத்தில் கிடைக்கும் எண்ணெய் விழுக்காடு) 19 என்று வைத்தால் ஒரு டன்னுக்கு 836 வெள்ளி. அந்தக் கணக்கைச் செயலி தானே போடும்.

தொல்லை மூன்று.

ஒன்று, சில சீட்டுகள் வலைச்செயலியில் இரண்டு முறை விழுகின்றன. போன வாரம் ஓர் அம்மா கார்பன் சீட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்து, "நான் ஒரு நடைதான் போட்டேன், கணக்கில் ரெண்டு இருக்கு, திருத்திடு பிள்ளை" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. யாருடைய கணக்கில் கூடியது என்பதைவிட, யாருடைய கணக்கில் குறைந்தது என்பதுதான் பயம்.

இரண்டு, சிலருக்கு முந்தைய நாள் தேதி விழுகிறது. விலை ஏறின நாளில் அவர்களுக்குப் பழைய விலை போய்விடுகிறது.

மூன்று, எங்கள் பட்டியலில் 640 பேர். தம்பியின் கைப்பேசியில் எல்லோர் பெயரும் வரவில்லை.

எங்கே தவறு செய்திருக்கிறோம்?

கூலிம்_குறிமுறை
திங்கள், இரவு 10:15

தங்கச்சி, நன்றாக விவரம் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தேதி மாறிய சீட்டுகள் எல்லாம் எத்தனை மணிக்கு எடை போட்டவை? அப்புறம், இரட்டையாக விழுந்த ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பவர் ஆட்டோமேட்டின் ஓட்ட வரலாற்றைத் திறங்கள். உங்கள் செயலியை அழைக்கும் படியில் மறுமுயற்சி என்று ஏதாவது காட்டுகிறதா?

மூன்றாவது பிரச்சினைக்கு விடை எனக்குத் தெரியும், அதை அப்புறம் சொல்கிறேன்.

ராம்ப்_பேத்தி (சுங்கை சிப்புட்)
செவ்வாய், காலை 6:25

அண்ணே, இரவே பார்த்துவிட்டேன். தேதி மாறியவை எல்லாம் காலை 8 மணிக்கு முன்னால் எடை போட்டவை. ஒன்றுகூட விலக்கு இல்லை. முந்தின நாள் சாயந்தரம் வெட்டி வைத்த குலையை 7 மணிக்கே கொண்டு வருகிறவர்கள் அவர்கள்.

இரட்டைச் சீட்டில் மறுமுயற்சி 1 என்று இருக்கிறது. முதல் முறை 500 (சேவையகப் பிழை), அடுத்தது 200 (சரி). பார்த்த ஒன்பதும் அப்படித்தான். பெரும்பாலும் அன்றைய முதல் நடை, இல்லாவிட்டால் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் முதல் நடை.

கூலிம்_குறிமுறை
செவ்வாய், காலை 7:50

தேதி விஷயம் முடிந்தது. டேட்டாவெர்ஸ் நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருக்கும். மலேசிய நேரம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். தம்பி செவ்வாய்க்கிழமை காலை 7:10க்குப் பதிந்தால், உள்ளே இருப்பது திங்கட்கிழமை இரவு 23:10. கைப்பேசியில் பார்க்கும்போது அது நம் நேரத்துக்கு மாறிக் காட்டும், அதனால் உங்களுக்குச் சந்தேகம் வராது. ஃப்ளோ (பவர் ஆட்டோமேட்டில் கட்டிய தானியங்கி ஓட்டம்) அனுப்பும்போது மாறாமல் அப்படியே போகும். உங்கள் செயலி அதில் முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதியாக எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். 8 மணிக்கு முன்னால் வருகிற எல்லோரும் நேற்றைய ஆட்களாகிவிடுவார்கள்.

ஃப்ளோவில் நேர மண்டலத்தை மாற்றும் படி ஒன்று சேர்க்கலாம். நம் மண்டலம் அந்தப் பட்டியலில் 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்று இருக்கும், சூத்திரமாக எழுதினால் அதன் பெயர் 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம்'. ஆனால் நான் செய்வது வேறு. எடை போட்ட நாள் என்று தனி நெடுவரிசை வைத்து, அதன் தன்மையை 'தேதி மட்டும்' என்று ஆக்கிவிடுவேன். அதற்கு மண்டலமே கிடையாது, எங்கே போனாலும் அதே தேதி. நேரம் வேண்டுமென்றால் பழைய நெடுவரிசை பக்கத்தில் இருக்கட்டும்.

இருக்கும் நெடுவரிசையின் தன்மையை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஒரு முறை மாற்றினால் திரும்ப வராது, உள்ளே இருக்கும் பழைய நேரங்களும் தானாகத் திருந்தாது. புது நெடுவரிசைதான் பத்திரம்.

பழைய_கிராணி
செவ்வாய், காலை 9:05

உங்கள் கணினிப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிகிறது. ஆனாலும் இந்தத் தேதி விவகாரம் எனக்குப் பழக்கமானது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். நான் அப்போது தோட்ட ஆபிசில் சின்னக் கிராணி (எழுத்தர்). பிரட்டுக்கு (காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்கு) ஆள் சேர்வதில் அந்த வாரம் முழுக்கக் குழப்பம். வெளிச்சத்தைப் பார்த்து எழுந்து வருகிறவர்களுக்குக் கடிகாரம் சொன்னது ஏற்கவில்லை. அரை நாள் பேர் (வேலைக் கணக்கு) வெட்டுப்பட்டவர்களும் உண்டு.

இன்னொன்று கேட்கிறேன். மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) கையில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். காட்டில் யார் வந்தார், எத்தனை குலை வெட்டினார் என்று அதில் எழுதுவார். சாயந்தரம் அதை ஆபிசுக்குக் கொண்டு வந்தால், நான் பார்த்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஏற்றுவேன். சம்பளம் செக்ரோலை வைத்துத்தான். ஆனால் வேலை பற்றித் தகராறு வந்தால் மண்டோர் புத்தகத்தைத்தான் திறப்போம், ஏனென்றால் அது காட்டில் நின்று எழுதியது. செக்ரோலில் நானாக ஒரு பேரைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. உங்கள் ராம்பில் எது மண்டோர் புத்தகம், எது செக்ரோல்?

மேகக்கூடம்
செவ்வாய், மதியம் 1:20

கிராணி ஐயா கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. அதற்குத் திரும்பி வருகிறேன். முதலில் இரட்டைச் சீட்டு. நானும் சுங்கை சிப்புட்தான், மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவன், இப்போது சைபர்ஜெயாவில் மேகக் கணிமை வேலை. அதனால் இதில் எனக்குத் தனி அக்கறை.

ஆப் சர்வீஸில் 'ஆல்வேஸ் ஆன்' என்று ஓர் அமைப்பு உண்டு. அது அணைந்திருந்தால், 20 நிமிடம் யாரும் அழைக்காவிட்டால் உங்கள் செயலியை இறக்கிவிடும். அடுத்த அழைப்பு வரும்போது மறுபடி ஏற்ற வேண்டும். இலவசத் திட்டத்திலும் பகிர்வுத் திட்டத்திலும் அந்த அமைப்பே கிடையாது, பேசிக் திட்டத்திலிருந்துதான் உண்டு. தரவுத்தளம் 'சர்வர்லெஸ்' வகை என்றால் அதுவும் தூங்கும். இயல்பாக ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் நின்றுவிடும், முதலில் வந்து தட்டுகிறவருக்கு 40613 என்று பிழை கொடுத்துவிட்டுத்தான் எழும். முதல் நடை, சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் நடை என்று நீங்கள் சொன்னது இதோடு பொருந்துகிறது.

ஆனால் தூங்குவது மட்டும் இரட்டிப்பாக்காது. தரவுத்தளம் திறக்கவே இல்லை என்றால் சீட்டு பதிவாகியிருக்காது, மறுமுயற்சியில் ஒரு தடவைதான் விழும். உங்களுக்கு இரண்டு விழுகிறது என்றால், முதல் முறையே சீட்டு பதிவாகிவிட்டது, அதற்குப் பிறகு எங்கோ தடுக்கி 500 போயிருக்கிறது. பதிவுக்கு அப்புறம் உங்கள் செயலி வேறு என்ன செய்கிறது?

ராம்ப்_பேத்தி (சுங்கை சிப்புட்)
செவ்வாய், மாலை 6:45

மாமா மகனிடம் கேட்டேன். சீட்டைப் பதிந்து, கணக்கில் ஏற்றி, அப்புறம் பிடிஎஃப் ரசீது தயாரிக்கிறதாம். அந்த பிடிஎஃப் வேலை தனியான ஒரு சின்னச் செயலி. அதற்கு 10 விநாடி காத்திருந்து பதில் வராவிட்டால் பிழை என்று திருப்பி அனுப்பும்படி எழுதியிருக்கிறார். அதுவும் தூங்குகிற வகைதான்!

அப்படியென்றால் பவர் ஆட்டோமேட்டில் மறுமுயற்சியை அணைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

மேகக்கூடம்
செவ்வாய், இரவு 8:10

அணைக்கவே கூடாது. 500 வரிசைப் பிழையோ, 408 (நேரம் கடந்தது), 429 (அழைப்பு அதிகம்) பிழையோ வந்தால் அது தானாக மறுபடி முயல்கிறது. அந்த மறுமுயற்சிதான் இத்தனை நாள் உங்கள் சீட்டுகள் தொலையாமல் காப்பாற்றியது. அதை அணைத்தால் இரட்டைச் சீட்டுக்குப் பதிலாக, உண்மையிலேயே விழாமல் போன சீட்டுகள் வரும். அந்த அம்மா கூடுதலைத்தான் கண்டுபிடித்தார். குறைந்ததை எல்லோராலும் கண்டுபிடிக்க முடியாது, வயதானவர்கள் பலர் செயலியைத் திறந்தே பார்ப்பதில்லை.

திருத்த வேண்டியது வாங்கும் பக்கம். ஒரே சீட்டு பத்து முறை வந்தாலும் கணக்கில் ஒரு முறைதான் ஏற வேண்டும். அதற்குச் சீட்டுக்கு ஓர் அடையாளம் தேவை. அந்த அடையாளம் எடைமேடையிலேயே, தம்பி பொத்தானை அழுத்தும் அந்த நொடியிலேயே பிறக்க வேண்டும். டேட்டாவெர்ஸ் தானாகக் கொடுக்கும் வரிசை எண் இதற்கு ஆகாது. அது சேவையகத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும், லைன் (இணைய இணைப்பு) இல்லாத நேரத்தில் சீட்டுக்குப் பெயரே இருக்காது. பவர் ஆப்ஸில் 'ஜியுஐடி' என்ற சார்பு இருக்கிறது, அதை அழைத்தால் உலகத்தில் வேறு எங்கும் திரும்ப வராத அளவுக்கு நீளமான ஓர் எண் கிடைக்கும். சீட்டோடு அதைச் சேமித்து, ஃப்ளோ வழியாக அனுப்பி, எஸ்கியூஎல் அட்டவணையில் அந்த நெடுவரிசைக்கு 'தனித்துவம்' என்று கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது முறை அதே எண் வந்தால் தரவுத்தளமே தடுக்கும். செயலி அதைப் பிழையாகத் திருப்பாமல், 'இது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது' என்று 200 சொல்லிவிட வேண்டும்.

பதிவும் கணக்கில் ஏற்றுவதும் ஒரே பரிவர்த்தனையில் நடக்கட்டும், இரண்டும் நடக்கும், இல்லை இரண்டும் நடக்காது. பிடிஎஃப்பை அதிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ரசீது தாமதமாக வரலாம், எடை தாமதிக்கக் கூடாது.

பொத்தானையும் பாருங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் யாராக இருந்தாலும் இன்னொரு முறை தட்டுவார்கள். தட்டியதும் அது முடங்க வேண்டும், அதே சீட்டுக்குப் புதிதாக எண் பிறக்கக் கூடாது.

பாகான்_செராய்_தம்பி
செவ்வாய், இரவு 9:30

இடையில் ஒரு சந்தேகம். இப்போது அஷூருக்கு 'மலேசியா வெஸ்ட்' என்று நம் நாட்டிலேயே தரவு மையம் வந்துவிட்டது அல்லவா, 2025இல் திறந்தார்கள். இவர்கள் செயலி சிங்கப்பூர் மையத்தில் இருந்தால், அதை அங்கே மாற்றினால் இந்தத் தாமதம் போய்விடாதா?

மேகக்கூடம்
செவ்வாய், இரவு 9:50

மாற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் சிங்கப்பூர் போய் வருவது கண்ணுக்குத் தெரியாத நேரம். இவர்கள் செயலி தூக்கத்திலிருந்து எழுவது பல விநாடி. ராம்பிலிருந்து கைப்பேசிக் கோபுரம் வரைக்கும் லைன் கிடைப்பதுதான் இவர்களுக்கு நீண்ட தூரம்.

கூலிம்_குறிமுறை
புதன், காலை 8:00

மூன்றாவது பிரச்சினை. தம்பியின் கைப்பேசியில் லைன் இல்லாதபோதும் பெயர்கள் தெரிய வேண்டும் என்று பட்டியலை மொத்தமாகத் திரட்டி உள்ளே சேமித்திருப்பீர்கள். அப்படித் திரட்டும்போது முதல் 500 வரிதான் வரும், அதுதான் இயல்பான எல்லை. 640 பேரில் 140 பேர் அதற்கு வெளியே. அமைப்பில் போய் அதிகபட்சம் 2000 வரை ஏற்றலாம், இன்று உங்களுக்கு அது போதும். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கம்பம் (கிராமம்) வாரியாக, இல்லை பெயரின் முதல் எழுத்து வாரியாகத் துண்டுதுண்டாகத் திரட்டிச் சேர்ப்பேன். எல்லையைத் தாண்டினால் அது எச்சரிக்கை எதுவும் காட்டாது, மிச்சப் பேர் இல்லாத மாதிரியே நடந்துகொள்ளும்.

அந்த 140 பேர் வந்தபோது தம்பி என்ன செய்தான் என்று கேளுங்கள். புதுப் பெயராகப் பதிந்திருந்தால் ஒருவருக்கே இரண்டு கணக்கு இருக்கும்.

ராம்ப்_பேத்தி (சுங்கை சிப்புட்)
புதன், காலை 8:40

கேட்டேன். பதிந்திருக்கிறான். 31 பேருக்கு இரண்டு கணக்கு. அவன்மேல் தப்பில்லை, லோரி பின்னால் நிற்கும்போது வேறு என்ன செய்வான்? இன்று முழுக்க உட்கார்ந்து மைகாட் (அடையாள அட்டை) எண் பார்த்து ஒன்று சேர்க்கப் போகிறேன்.

கணக்கு_அக்கா_தாப்பா
புதன், காலை 10:30

தங்கச்சி, மைகாட் எண் என்றதும்தான் எழுதத் தோன்றியது. அந்த எண் டேட்டாவெர்ஸிலும் எஸ்கியூஎல்லிலும் இரண்டு இடத்திலும் கிடக்கிறதா? ஒரு இடத்தில் போதும். மற்ற இடத்துக்கு உங்கள் உறுப்பினர் எண்ணை மட்டும் அனுப்புங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் வைத்தால் இரண்டு இடத்தையும் காவல் காக்க வேண்டும்.

இரட்டைச் சீட்டை இ-இன்வாய்ஸுக்கு (மின்விலைப்பட்டியலுக்கு) போகும் முன்னாலேயே பிடித்தது உங்கள் நல்ல நேரம். வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்து ஏற்கப்பட்ட ஆவணத்தை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதற்கு மேல் போனால் கடன் குறிப்பு போட்டுத்தான் திருத்த வேண்டும். உங்களை மாதிரி சிறு தோட்டக்காரர்களிடம் வாங்குகிறவர்கள், வாங்குகிறவரே எழுதும் இன்வாய்ஸ் வகையைப் பற்றி உங்கள் கணக்காளரிடம் விசாரித்து வையுங்கள். மைஇன்வாய்ஸுக்கும் ஏபிஐ (செயலிகள் நேராகப் பேசும் வழி) இருக்கிறது, ஜேசன், எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவங்களில் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதை இந்தத் தொல்லை எல்லாம் அடங்கிய பிறகு தொடுங்கள்.

மேகக்கூடம்
புதன், மதியம் 12:50

சரி, கிராணி ஐயாவின் கேள்விக்கு வருகிறேன்.

இரண்டு அமைப்பை இணைக்கும்போது எல்லோரும் முதலில் இணைப்புக் குழாயைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தக் கனெக்டர் (இணைப்பி), எந்த ஃப்ளோ என்று. எந்தத் தகவலுக்கு எது சொந்த வீடு என்று யாரும் முடிவு செய்வதில்லை. உங்களிடம் எடை பிறப்பது ராம்பில். அதனால் சீட்டின் வீடு டேட்டாவெர்ஸ், அதுதான் மண்டோர் புத்தகம். வலைச்செயலியில் இருப்பது அதன் நகல். நகலில் யாரும் எடையைத் திருத்தக் கூடாது, திருத்தும் பொத்தானே இருக்கக் கூடாது. தவறு என்றால் ராம்பில் திருத்துச் சீட்டு ஒன்று எழுத வேண்டும், அது வழக்கமான பாதையில் வந்து சேரும். விலைக்கும் பணக் கணக்குக்கும் வீடு வலைச்செயலி, அது செக்ரோல். ராம்பில் விலை தெரிய வேண்டுமென்றால் அங்கிருந்து வாங்கிக் காட்டட்டும், சேமிக்க வேண்டாம். டேட்டாவெர்ஸில் 'விர்ச்சுவல் டேபிள்' என்று உண்டு, வெளியே இருக்கும் தரவை நகல் எடுக்காமலேயே உள்ளே அட்டவணை மாதிரி காட்டும். லைன் இருக்கும் நேரத்தில் அது நன்றாக வேலை செய்யும்.

இப்போது உங்கள் செயலியில் எடையைத் திருத்த முடிகிறதா?

ராம்ப்_பேத்தி (சுங்கை சிப்புட்)
புதன், மதியம் 1:30

முடிகிறது. அப்பா சில நாள் அங்கேயே திருத்தியிருக்கிறார். தம்பியும் சில நாள் கைப்பேசியில் திருத்தியிருக்கிறான், அது மறுபடி போய் அப்பா திருத்தியதை அழித்திருக்கிறது. எத்தனை முறை என்று எனக்கே தெரியவில்லை. படித்ததும் வயிறு கலங்கிவிட்டது.

கூலிம்_குறிமுறை
புதன், மாலை 5:15

கலங்காதீர்கள். தணிக்கைப் பதிவு இயக்கத்தில் இருந்தால் டேட்டாவெர்ஸில் யார் எப்போது எதை மாற்றினார் என்று பார்க்கலாம். கார்பன் சீட்டும் உங்களிடம் இருக்கிறது.

அனுப்பும் முறையில் ஒரு யோசனை. ஃப்ளோவிலிருந்து நேராகச் செயலியை அழைப்பதற்குப் பதிலாக இடையில் 'சர்வீஸ் பஸ்' வரிசை ஒன்றை வைக்கலாம். சீட்டு அங்கே போய் நிற்கும், செயலி எழுந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். பத்து முறை முயன்றும் முடியாததைத் தனியாக ஒதுக்கி வைக்கும். உங்கள் ராம்ப் செய்கிற வேலையேதான் அது. பழத்தை யாரும் நேராக ஆலைக்குள் கொட்டுவதில்லையே.

மேகக்கூடம்
புதன், மாலை 6:40

கூலிம் அண்ணே சொல்வது முறையானதுதான். பெரிய ஆலைக்கு நான் அதைத்தான் போடுவேன். ஆனால் இவர்களிடம் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆள், அதுவும் ஈப்போவில் வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்கிற மாமா மகன். இன்னொரு சேவை என்றால் இன்னொரு பில், பழுதானால் தேட இன்னொரு இடம். சீட்டு அட்டவணையிலேயே 'சேர்ந்ததா' என்று ஒரு நெடுவரிசை வைக்கட்டும். செயலி 200 சொன்னால் 'சேர்ந்தது'. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் ஃப்ளோ ஒன்று, சேராதவற்றை மட்டும் எடுத்து மறுபடி அனுப்பட்டும். ஜியுஐடி தடுப்பு இருப்பதால் எத்தனை முறை அனுப்பினாலும் பயமில்லை. எது நிற்கிறது என்று தங்கச்சியே கண்ணால் பார்க்க முடியும், அஷூர் பக்கத்துக்குள் நுழையத் தேவையில்லை.

கூலிம்_குறிமுறை
புதன், இரவு 7:30

பார்த்துக்கொள்ள ஓர் ஆள்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் நெடுவரிசை வழியே போகட்டும்.

இரண்டு எச்சரிக்கை. எச்டிடிபி அழைப்பு, தனிப்பயன் கனெக்டர், டேட்டாவெர்ஸ் எல்லாம் பிரீமியம் உரிமத்தில் வருபவை, சாதாரண மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் சேராது. யார் பெயரில் ஃப்ளோ ஓடுகிறதோ அவர் உரிமத்தைப் பாருங்கள். அடுத்தது, கனெக்டர் கட்டுவதாக இருந்தால் அது ஓப்பன்ஏபிஐ 2.0 விவரக் கோப்பைத்தான் ஏற்கும். ஃபாஸ்ட்ஏபிஐ தருவது 3 வரிசை, மாற்றித்தான் ஏற்ற வேண்டும். நான் இரண்டு நாள் இதிலேயே மாட்டிக்கொண்டேன், நீங்கள் மாட்ட வேண்டாம்.

பாகான்_செராய்_தம்பி
புதன், இரவு 8:20

என் அனுபவம் ஒன்றும் சேர்க்கிறேன். எங்கள் டியூஷன் மையத்துச் செயலி டேட்டாவெர்ஸுக்குள் நுழைய ரகசியச் சாவி ஒன்றை வைத்திருந்தேன். அதற்குக் காலாவதி உண்டு என்பதையே மறந்துவிட்டேன். கட்டணம் வசூலிக்கும் நாள் காலையில் அது முடிந்துபோனது. 60 பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள், எந்தக் கணக்கும் திறக்கவில்லை. அன்று பட்ட அவமானம் இன்னும் மனதில் இருக்கிறது. அக்கா, சம்பள நாள், பட்டுவாடா நாளுக்குப் பக்கத்தில் அந்தத் தேதி வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மேகக்கூடம்
புதன், இரவு 8:45

பாகான் செராய் தம்பி சொன்னது பொன்னான விஷயம். அஷூர் பக்கத்தில் புதுச் சாவி செய்தால் அதிகபட்சம் 24 மாதம்தான் கொடுக்கும். முடிந்தால் சாவியே இல்லாமல் செய்துவிடலாம். ஆப் சர்வீஸுக்கு 'மேனேஜ்ட் ஐடென்டிட்டி' (அஷூரே பார்த்துக்கொள்ளும் அடையாளம்) இயக்கி, அதை டேட்டாவெர்ஸில் ஒரு 'அப்ளிகேஷன் யூசர்' ஆகச் சேர்த்து, உறுப்பினர் பட்டியலைப் படிக்க மட்டும் உரிமை கொடுங்கள். சீட்டைத் தொட உரிமை கொடுக்காதீர்கள். வீடு எது, நகல் எது என்று நாம் பேசியதை அமைப்பே காவல் காக்கும்.

மொத்தமாக எதையாவது ஏற்றும் நாளில் 429 வந்தால் பயப்பட வேண்டாம். டேட்டாவெர்ஸ் ஒரு பயனருக்கு 5 நிமிடத்தில் 6000 அழைப்பு, ஒரே நேரத்தில் 52 என்று அளவு வைத்திருக்கிறது. பதிலோடு எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்றும் சொல்லும். அதை மதித்து நின்றால் போதும்.

ராம்ப்_பேத்தி (சுங்கை சிப்புட்)
அடுத்த செவ்வாய், இரவு 9:15

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. செய்ததைச் சொல்கிறேன்.

ஜியுஐடி வந்துவிட்டது, எஸ்கியூஎல்லில் தடுப்பும் போட்டாயிற்று. பேசிக் திட்டத்துக்கு மாறி ஆல்வேஸ் ஆன் போட்டோம். பிடிஎஃப்பைத் தனியாகப் பிரித்தோம். 'எடை போட்ட நாள்' புது நெடுவரிசை. வலைச்செயலியில் எடையைத் திருத்தும் பொத்தானை எடுத்துவிட்டோம். அப்பாவுக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம், என்னை நம்பவில்லையா என்று கேட்டார். கிராணி ஐயா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அவரும் செக்ரோல் பார்த்து வளர்ந்தவர், ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்.

பழைய சீட்டுகளைக் கார்பனோடு ஒப்பிட்டு முடித்தோம். இரட்டையாக விழுந்தவை 43. காலை 8 மணிக்கு முன்னால் வந்து பழைய விலை வாங்கியவர்கள் 58 பேர், அவர்களுக்கு நாங்கள் தர வேண்டியது மொத்தம் 1,270 வெள்ளி. சிலருக்கு 4 வெள்ளி, ஒருவருக்கு 96. அப்பா நேற்று எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். இரட்டையாக வாங்கியவர்களிடம் அடுத்த நடையில் கழித்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டோம், எல்லோரும் சரி என்றார்கள்.

இன்று காலை லைன் 40 நிமிடம் இல்லை. 11 சீட்டு கைப்பேசியில் நின்றது. லைன் வந்ததும் 10 போய்ச் சேர்ந்தது. ஒன்று மட்டும் 'சேரவில்லை' என்று நின்றது. பார்த்தால் அவருடைய இரண்டு கணக்கையும் நான் ஒன்று சேர்த்தபோது பழைய உறுப்பினர் எண்ணை மூடிவிட்டேன், கைப்பேசியில் இன்னும் பழைய பட்டியல். முன்பு என்றால் இது எங்கே போயிருக்கும் என்றே தெரிந்திருக்காது. இப்போது பட்டியலில் சிவப்பாக நிற்கிறது, ஐந்து நிமிடத்தில் சரிசெய்தேன்.

பழைய_கிராணி
அடுத்த செவ்வாய், இரவு 9:50

அந்த 4 வெள்ளியையும் கூப்பிட்டுக் கொடுத்த உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா.

ஒரு விண்ணப்பம். கார்பன் சீட்டை இப்போதே நிறுத்திவிடாதே. ஒரு வெட்டுச் சுற்று பத்துப் பதினைந்து நாள். நாலைந்து சுற்றாவது இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். தினமும் சாயந்தரம் கார்பன் கட்டில் எத்தனை சீட்டு, கணினியில் எத்தனை சீட்டு, மொத்தம் எத்தனை கிலோ என்று மட்டும் ஒப்பிட்டு, ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வை.

ராம்ப்_பேத்தி (சுங்கை சிப்புட்)
அடுத்த செவ்வாய், இரவு 10:05

அப்படியே செய்கிறேன் ஐயா. இன்றைய கணக்கு: கார்பன் 87, டேட்டாவெர்ஸ் 87, வலைச்செயலி 87. கிலோவும் மூன்று இடத்திலும் ஒன்றுதான். நோட்டு நாளைக்கு வாங்குகிறேன், இன்றைக்குக் கட்டின் மேல் தாளில் எழுதி அப்பாவும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.